மிச்சம் பிடித்த குளிசைகள்

அவள் கொண்டுவரும் வெறும் போத்தல்கள் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்தவையாக இருக்கும். மருந்து முடிந்த போத்தலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் பிரிவின் வழக்கம். மிச்சக் குளிசை இருந்தால் எண்ணிப் பார்ப்போம். போடாமல் விட்ட நாட்கள் அதில் தெரிந்துவிடும். சிலர் மூடியில்லாத போத்தலைக் கொண்டுவருவார்கள், சிலர் பையின் அடியில் உடைந்த தூளோடு கொண்டுவருவார்கள், சிலர் பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று கதை சொல்வார்கள். அவளுடையது மட்டும் பூசைச் சாமான் மாதிரிப் பளபளவென்றிருக்கும். மூடியைத் திறந்தால் சவர்க்கார வாசம் வரும். மேசையில் வைத்துவிட்டு, ஆசிரியரிடம் கொப்பி காட்டிய பிள்ளையைப் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "கெட்டிக்காரி" என்பேன். மூன்று வருடம் அப்படிச் சொன்னேன். என் தாதித் தொழிலில் நான் செய்த பிழைகளை வரிசையாக நிறுத்தச் சொன்னால் அந்தக் "கெட்டிக்காரி" முன்வரிசையில் நிற்கும்.

அவளுடைய பெயரை எழுதமாட்டேன். எங்கள் பிரிவில் பெயருக்குப் பதில் இலக்கம்தான். அந்த இலக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம், அதையும் எழுதமாட்டேன். தங்கச்சி என்றே கூப்பிட்டு வந்தேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். இதை எழுதலாமா என்று போன மாதம் தொலைபேசியில் அவளிடம் கேட்டேன். "பேரும் ஊரும் போடாம எழுதுங்க மிஸ்ஸி. தம்பியப் பத்தியும் எழுதுங்க. அவனப் பத்தி ஒருத்தரும் எழுதல்ல" என்றாள். தாதிமாரை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. பயிற்சி வகுப்புகளுக்கு இன்னும் அழைக்கிறார்கள். "அந்தப் படுவான்கரைப் பொம்பிளயின்ட கதையச் சொல்லுங்க மிஸ்ஸி, நல்ல வெற்றிக் கதை" என்கிறார்கள். அதை வெற்றிக் கதை என்று முதலில் சொல்லித் திரிந்தவளே நான்தான். இப்போது முழங்கால் வலி என்று சொல்லித் தப்பிக்கொள்கிறேன். வலி பொய்யில்லை, ஆனால் போகாமல் இருப்பதற்கு அது காரணமில்லை.

வாவிக்கு மேற்குக் கரையைத்தான் படுவான்கரை என்கிறோம். வயலும் குளமுமான பக்கம். அவள் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கணவன் வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவன், வந்த சில வருடங்களில் நெஞ்சுச் சளியென்று படுத்து எழும்பாமலே போய்விட்டான். அவனுடைய இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்ததைக் கண்டபிறகு அவளையும் சோதித்தார்கள். முதல் நாள் எங்கள் வாங்குப் பலகையில் வந்து இருந்தபோது அவளுக்கு முப்பது வயது. எனக்கு அப்போது நாற்பத்தைந்து. கதவுக்கு வெளியே நின்ற சிற்றூழியர் என்னிடம், "உங்கட அக்காவ உள்ள வரச் சொல்லவா மிஸ்ஸி?" என்று கேட்டாள். சிரிப்பு வந்தது, பிறகு சிரித்ததற்கு வெட்கமும் வந்தது. முன் பற்கள் இரண்டு இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது. கிருமி ஓராளை அத்தனை சீக்கிரம் கிழவியாக்காது என்று எனக்குத் தெரியும். அது வருமுன்பே வேறு ஏதோ அவளைத் தின்றிருந்தது.

புதிதாக வருபவர்களிடம் கேட்பதற்கு எங்களிடம் ஒரு படிவம் உண்டு. திருமணம் எப்போது, கணவனுக்கு வேறு தொடர்புகள் இருந்தனவா, இரத்தம் ஏற்றியதுண்டா, பிள்ளைகள் உண்டா என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னாள், நான் எழுதினேன். ஒன்பது வயதில் உன் வீட்டில் என்ன நடந்தது என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம் அந்த வயதில் யாருக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்குமளவுக்கு எங்களுக்கு எல்லாம் பழகிப்போயிருந்தது. பழகிப்போவதுதான் எங்கள் தொழிலின் நோய். அதற்குக் குளிசை கிடையாது.

மூன்றாவது வருடம் அவளுடைய இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமியின் அளவு குறைந்து, இருக்கிற இடம் தெரியாமல் போயிருக்க வேண்டும், அது ஏறியிருந்தது. ஆய்வுகூடத்தில் மாறிப்போயிருக்கும் என்று நினைத்துத் திரும்ப எடுத்தோம். இன்னும் ஏறியிருந்தது. எங்கள் டொக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் அப்படி வைத்தால் விஷயம் நல்லதில்லை. "ஒழுங்கா போடுறவவுக்கு இப்பிடி ஏறாது" என்றார். போடுகிறாள் என்று நான் அடித்துச் சொன்னேன். வெறும் போத்தல்களைப் பற்றிச் சொன்னேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "போடுறன் மிஸ்ஸி" என்றாள், கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல். பொய் சொல்பவர்கள் கண்ணைத் தாழ்த்துவார்கள் என்று யாரோ எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தேன்.

மருந்தை மாற்றுவதற்கு முன் வீட்டு நிலைமையைப் பார்த்து வரச் சொன்னார் டொக்டர் அம்மா. சொல்வது எளிது. எங்கள் பிரிவின் தாதி ஒருத்தி ஒரு வீட்டு வாசலில் ஏறினால் மறுநாள் அந்த வீட்டுக் கிணற்றில் ஒருவரும் தண்ணீர் அள்ளமாட்டார்கள். கடைசியில் கொக்கட்டிச்சோலைக் கோயில் தேரன்று போவதென்று முடிவெடுத்தேன். தேருக்கு எந்த வீட்டுக்கும் எந்த ஊர் ஆளும் வரலாம், யாரென்று ஒருவரும் துருவமாட்டார்கள். நான் மட்டக்களப்பு டவுனில் பிறந்த பறங்கி வீட்டுப் பிள்ளை. சிலுவைச் சங்கிலியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நெற்றியில் ஒரு பொட்டும் வைத்துக்கொண்டு போனேன். ஆண்டவர் மன்னிப்பார், உத்தியோக விஷயம். தங்கச்சி என்னை வாசல் படலையில் கண்டதும் ஒரு கணம் திகைத்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக, "வாங்க வாங்க, தேருக்கு வந்தீங்களா?" என்றாள். கெட்டிக்காரிதான், அதில் மாற்றமில்லை.

ஒரேயொரு அறை, ஒரு விறாந்தை. மண் சுவர் மெழுகித் துப்புரவாக இருந்தது. பிளேன்டீ ஊற்றித் தந்தாள். உடனே விஷயத்தைத் தொடங்கக்கூடாதென்று எதையாவது பேசக் கண்ணால் தேடினேன். அறை மூலையில் இரண்டு பலகைக்கு மேல் வாய் கட்டிய நெல் சாக்கு ஒன்று இருந்தது. நெல்லைப் பற்றிய என் அறிவு சோற்றில் தொடங்கிக் குழம்பில் முடிவது. "வீட்டில் இவ்வளவு நெல்லை வைத்துக்கொண்டா எங்களிடம் அரிசிக்குக் கஷ்டமென்று சொன்னாய்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அது விதை நெல்லு மிஸ்ஸி. மாரி விதைப்புக்கு. செத்தாலும் அதுல கை வைக்கக்கூடாது" என்றாள். ஏன் என்று கேட்டேன். டவுன்காரியின் அறியாமைதான். ஆனால் மூன்று வருடமாகக் கேட்ட அத்தனை கேள்விகளிலும் அதுதான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்போலிருந்த கேள்வி.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தகப்பனைக் கொண்டுபோனார்கள். யார் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் தாயும் அவளும் ஐந்து வயதுத் தம்பியும். தம்பிக்கு வலிப்பு வருத்தம். டவுன் ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை குளிசை எடுத்தால் வலிப்பு வராது. பிள்ளை நன்றாக ஓடி விளையாடுவான். அப்போது பாலம் இல்லை. மண்முனைத் துறையில் ஆட்களையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தெப்பம் ஒன்று ஓடியது, பாதை என்பார்கள். சண்டை மூண்டு அந்தப் பாதை நின்றுபோனது. மாதம் முடியக் குளிசையும் முடிந்தது. தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைவரை மூன்று தரம் போய் மூன்று தரமும் திரும்பி வந்தாள். குளிசை முடிந்த பதினோராம் நாள் காலை தம்பிக்கு வலிப்பு வந்தது. அன்று பகல் முழுக்க விட்டுவிட்டு வந்துகொண்டேயிருந்தது. பொழுது சாயும்போது வலிப்பும் நின்றது, மூச்சும் நின்றது.

"டொக்டர் சொன்னபடிதான் அம்மா குடுத்தா மிஸ்ஸி" என்றாள் தங்கச்சி. "ஒரு நேரம் தவற விடல்ல. சொன்னபடி குடுத்தா, சொன்னபடி முடிஞ்சிற்று. அந்த நேரம் வீட்டுல விதை நெல்லு ஒரு சாக்குக் கிடந்திச்சு. நாங்க மரவள்ளியும் கீரையும் திண்டு கிடந்தம், அம்மா அதுல ஒரு மணி எடுக்கல்ல. விதைக்கு மிச்சம் வைக்கத் தெரிஞ்ச அம்மாக்கு மருந்துக்கு மிச்சம் வைக்கத் தெரியல்ல." முப்பத்திமூன்று வயதுப் பெண்ணின் வாயிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளை தன் தாயைக் குற்றம் சொன்னது. தாய் அதன்பிறகு சரியாக எழும்பவில்லை. அடுத்த வருடம் அவளும் போனாள். தங்கச்சியை ஒரு மாமி வீட்டில் விட்டார்கள். அங்கே எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் அவளுக்கு. மிஞ்சாத நாளும் உண்டு. அந்த வீட்டில் அவளுக்கு வேறு என்ன நடந்தது என்பதை எழுத எனக்கு அனுமதியில்லை. கிடைத்ததில் பாதியைத் தின்று பாதியைச் சீலைத் துண்டில் முடிந்து ஒளித்து வைக்கப் பழகியது அங்கேதான்.

சொல்லி முடித்து எழுந்து போனாள். சாக்கின் கட்டை அவிழ்த்து, முழங்கை வரை கையை நெல்லுக்குள் விட்டாள். வெளியே எடுத்தது வேப்பிலை சுற்றிய ஒரு பொலித்தீன் பை. உள்ளே குளிசைகள். நாங்கள் மாதாமாதம் கொடுத்தவை. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறாள். மற்ற நாளுடையது இதற்குள். போத்தலை ஏன் கழுவினாள் என்று அப்போது விளங்கியது. அவை வெறுமையாகத்தான் இருந்தன, அதில் பொய்யில்லை. குளிசைகளைக் கொட்டி மாற்றிய தூள் அடியில் கிடந்து எனக்குச் சந்தேகம் வந்துவிடக்கூடாதே என்றுதான் சவர்க்காரம் போட்டிருக்கிறாள். "ரோட்டு மூடினா எனக்கு ஒண்டரை வருசத்துக்குக் காணும் மிஸ்ஸி" என்று பையை மடியில் வைத்துத் தடவினாள். முகத்தில் ஒரு பெருமை இருந்தது. மூன்று வருடமாக யாரிடமும் காட்ட முடியாமல் வைத்திருந்த பெருமை.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. தேருக்கு வந்தவள் என்பதை மறந்து கத்தினேன். பாதிக் குளிசை போட்டால் கிருமி சாகாது, மருந்துக்கே பழகிவிடும், பிறகு இந்த மருந்து முழுதாகப் போட்டாலும் உனக்கு வேலை செய்யாது, நீ சேர்த்து வைத்திருப்பது மருந்தல்ல குப்பை என்றேன். "குப்பை" என்ற சொல்லில் அவள் முகம் செத்துப்போனது. நான் நிறுத்தவில்லை. இப்போது சண்டை இல்லை, பாலம் கட்டியாகிவிட்டது, பத்து நிமிடத்தில் இக்கரைக்கு வரலாம், நான் இருக்கும்வரை உனக்கு மருந்து நிற்காது, இது என் வாக்கு என்றேன். அவள் பையின் வாயை இறுக்கி முடிந்து என்னிடம் தந்தாள். நான் அதை என் கைப்பைக்குள் சிலுவைச் சங்கிலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். வழியெல்லாம் தேர் பார்த்துத் திரும்பும் சனம். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மருந்தை மாற்றினோம். புது மருந்து காலையும் மாலையும் போட வேண்டும், வயிற்றைக் கலக்கும், வாயெல்லாம் கசக்கும். அவள் போட்டாள். எட்டு மாதத்தில் கிருமி அடங்கியது. டொக்டர் அம்மா என் தோளில் தட்டினார். அதன்பிறகுதான் நான் அந்தக் கதையைக் கூட்டங்களில் சொல்லத் தொடங்கியது. சிறுவயதுத் துன்பம் பெரியவர்களின் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உதாரணமாக. பெயரில்லாமல், ஊரில்லாமல், கடைசியில் நான் கொடுத்த வாக்கோடு. கேட்டவர்கள் கை தட்டுவார்கள். உண்மையில் அவளுடைய உடம்பு அந்தக் கைதட்டலைக் கேட்கவில்லை. நாற்பது வயதுக்குள் எலும்பு தேய்ந்துவிட்டது, சிறுநீரகமும் களைக்கத் தொடங்கிவிட்டது. கிருமியா, மருந்தா காரணம் என்று இளம் டொக்டர்மார் தங்களுக்குள் விவாதிப்பார்கள். மாமி வீட்டுச் சட்டியையும் கணக்கில் எடுங்கள் பிள்ளைகளே என்று சொல்ல வாய் வரும். அதற்குப் பரிசோதனை இல்லையே என்று விட்டுவிடுவேன்.

பிறகு கொரோனா வந்தது. ஒரு நாள் மாலை ஊரடங்கு என்றார்கள், நாலைந்து நாளில் எடுத்துவிடுவார்கள் என்று நாங்களும் நம்பினோம். எடுக்கவில்லை. பஸ் இல்லை, பாலத்தில் சோதனைச் சாவடி. மருந்தை வீடுகளுக்கு அனுப்ப ஒரு ஏற்பாடு வந்தது. பொதியில் பெயரும் எங்கள் பிரிவின் துண்டுச் சீட்டும் இருக்க வேண்டும், அது கிராம சேவகர் கையால் போய், ஊர்ப் பொடியன்கள் கையால் வீட்டுக்குச் சேரும். தங்கச்சிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வேணாம் மிஸ்ஸி. அந்தத் துண்டோட வந்தா நோய் என்னக் கொல்லத் தேவல்ல, ஊரே கொண்டிரும்" என்றாள். அதன்பிறகு அவளுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. கடைகள் பூட்டு, ரீலோட் போட வழியில்லை. அவள் வர வேண்டிய திகதி போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பும்போது இன்றோடு எத்தனை நாள் என்று மனம் தானாக எண்ணும். பத்தாம் நாள் தாண்டிப் பதினோராம் நாள் வந்தபோது அந்தத் தெப்பமும் ஐந்து வயதுத் தம்பியும் நினைவுக்கு வந்தார்கள். அவளிடம் ஒன்றரை வருட மருந்து இருந்தது, அது குப்பைதான், ஆனால் அவள் நிம்மதியாகத் தூங்க அது போதுமாக இருந்தது. அதை வாங்கி அழிக்கக் கொடுத்தவள் நான். அதற்குப் பதிலாகக் கொடுத்தது ஒரு வாக்கு.

பதினெட்டாம் நாள், படுவான்கரைப் பக்கம் போய் நோயாளர்களை ஏற்றிவரும் வாகனம் ஒன்றில் இடம் கேட்டு வாங்கினேன். மருந்தகத்துக்குப் போனால் அவளுடைய வகை மருந்து ஓராளுக்கு ஒரு மாதத்துக்கு மட்டுமே இருந்தது. கொழும்பிலிருந்து வர வேண்டியது எப்போது வருமென்று ஒருவருக்கும் தெரியாது. அதே மருந்து போடுகிற இன்னொரு பெண் வெல்லாவெளிப் பக்கம் இருந்தாள். ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. அவளுடையது முந்தின நாளோடு முடிந்திருந்தது. தாய் மருந்து போட்டால்தான் பிள்ளைக்குக் கிருமி தொற்றாது. மருந்தாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு அந்த ஒரு மாத மருந்தை நானே பாதி பாதியாகப் பிரித்து இரண்டு பழைய பத்திரிகைத் தாளில் சுற்றினேன். பாதி குப்பை என்று கத்தியவளின் கை அது.

சாவடியில் நோயாளரை ஏற்றப் போகிறோம் என்று சொல்லி வாகனம் கடந்தது. அவளுடைய வீட்டு வாசலில் இறங்கியபோது பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "பிரஷர் குளிசை" என்றேன், அவள் கேட்காத கேள்விக்கு. தங்கச்சி வெளியே வந்தாள். படுத்திருப்பாள், வாயில் புண் பிடித்திருக்கும், எலும்பும் தோலுமாக இருப்பாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனவளுக்கு முன்னால், கையில் விளக்குமாற்றோடு எப்போதும்போல நின்றாள். உள்ளே போனதும் எத்தனை நாளாகப் போடவில்லை என்று கேட்டேன். "ஒரு நேரமும் விடல்ல" என்றாள். எனக்கு விளங்கவில்லை. பிஸ்கட் தகரம் ஒன்றை எடுத்து வந்து திறந்தாள். இன்னும் மூன்று மாதத்துக்குப் போதுமான குளிசைகள்.

"நீங்க மாசாமாசம் மூணு நாளுக்குக் கூடத் தனியாச் சுத்தித் தருவீங்க, பஸ் பிந்தினாலும் எண்டு. அதத்தான் தொடாம வெச்சன். அண்டண்டக் குளிசய அண்டண்டைக்குப் போட்டுத்தான் வந்தன். புதுசு வந்தா உள்ள வைப்பன், பழச எடுத்துப் போடுவன், பழுதாகாது. விதை நெல்லும் அப்பிடித்தானே. இது பிழையா மிஸ்ஸி?"

பிழையில்லை. எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் பிழையில்லை. அவள் ஒரு நேரமும் தவறவிடாமல், எங்களை ஏமாற்றாமல், மூன்று மூன்று நாளாகச் சேர்த்திருக்கிறாள். ஐந்து வருடமாக நான் மேடையில் குணப்படுத்திக்கொண்டிருந்த அந்தப் பழக்கம்தான் அவளை உயிரோடு வைத்திருந்தது. ஒரு பக்கம் மகிழ்ச்சி, மறு பக்கம் கன்னத்தில் அறைந்தது போல. "அப்ப என்ட வாக்க நீ நம்பவேயில்லையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "உங்கள நம்பினன் மிஸ்ஸி. பாலத்த நம்பல்ல."

நான் முகக்கவசத்தோடு அழுதேன். முகக்கவசத்தோடு அழுவது பெரிய தொல்லை, மூக்கையும் துடைக்க முடியாது. அவள் பதறிப்போய் வாசற்பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "தம்பிக்கு ஒருத்தரும் வரல்ல" என்றாள் மெதுவாக. "பிந்தியாவது ஒராள் வந்திருந்தா எண்டு அம்மா சாகுமட்டும் சொல்லிக்கொண்டு கிடந்தா." பத்திரிகைப் பொதியை நீட்டினேன். வாங்கிக் கையால் நிறுத்துப் பார்த்தாள். மருந்தின் பாரம் தெரிந்தவள். "இது அரைவாசியல்லோ?" என்றாள். உண்மையைச் சொன்னேன், ஊரும் பேரும் சொல்லாமல், ஒரு பிள்ளைத்தாச்சிக்கு மற்றப் பாதி போகிறது, இருந்தது இவ்வளவுதான் என்று. "அடுத்த மாசம் வருமா?"

போன தடவை அதே அறையில் அந்தக் கேள்விக்கு எத்தனை இலகுவாகப் பதில் சொன்னேன். "தெரியாது தங்கச்சி" என்றேன். "உண்மையா எனக்குத் தெரியாது."

அவள் தலையை ஆட்டினாள். "இத நம்பிறன்" என்றாள். பிஸ்கட் தகரத்தைப் பார்த்தாள். பொதியைப் பார்த்தாள். தகரத்தின் மூடியை அழுத்தி மூடிவிட்டுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வாகனக்காரர் வெளியே இரண்டு தரம் ஹோன் அடித்தார். மூன்றாம் தரம் அடிக்குமுன் பொதியை என் கையில் வைத்தாள். வைத்தாளே தவிர உடனே விடவில்லை. விரல்கள் கொஞ்ச நேரம் தாளைப் பிடித்துக்கொண்டே இருந்தன. வாழ்க்கையில் அவள் கையால் மருந்தைக் கொடுத்தது, எனக்குத் தெரிய, இரண்டு தரம்தான். முதல் தரம் நான் கத்திப் பறித்தது. இது அவள் தந்தது.

அந்த மருந்து வெல்லாவெளிக்குப் போனது. இரண்டு பொதியும் சேர்ந்து ஒரு முழு மாதம். அது முடிவதற்குள் கொழும்பிலிருந்து வந்துவிட்டது. பிள்ளை கிருமியில்லாமல் பிறந்தது. யாருடைய மருந்தென்று அந்தத் தாய்க்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தங்கச்சி இன்னும் இருக்கிறாள், களைத்துப்போய்த்தான். நானும் களைத்துத்தான் இருக்கிறேன். ஆனால் அன்று வாகனத்தில் ஏறி வெல்லாவெளி ரோட்டில் திரும்பும்போது நடந்த ஒன்றை மட்டும் நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. அவள் படலையைத் திறந்துகொண்டு ரோட்டுக்கே ஓடி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேலியில் நிற்பதையும் பொருட்படுத்தவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அந்தப் பிள்ளைத்தாச்சிக்கிட்டச் சொல்லுங்க மிஸ்ஸி. ஒண்டும் மிச்சம் வைக்க வேணாம், முழுசாப் போடட்டும். மிச்சம் வைக்கிறதுக்கு நான் இருக்கன்."

ஊரைச் சொல்லாமல், பேரைச் சொல்லாமல், அதை அப்படியே போய்ச் சொன்னேன்.